தேய்வும் உரிவும்

கரிசல் சீமையில் வெயிலைக் குறை சொல்லிப் பேசும் வழக்கம் அதிகமில்லை. களத்தில் வத்தல் சிவப்பதும், கம்பும் சோளமும் உலர்ந்து குதிருக்குள் போவதும், வீட்டு முற்றங்களில் ஒட்டிப் பரப்பிய தீப்பெட்டிகளின் பசை பிடிப்பதும் அந்த வெயிலின் தயவினால்தான் என்பதை அறிந்த ஜனங்கள், அதனிடம் பயமும் மரியாதையும் கலந்த ஒரு நெடுநாளைய பரிச்சயம் வைத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலே அமைந்த கோவில்பட்டியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறான். ஒருமுறை சித்திரைப் பிறப்பை ஒட்டி, மறுமுறை ஆவணி மாதத்தின் நடுவாக்கில். அந்நாட்களில் நண்பகல் வேளையில் நட்டுவைத்த கம்பின் நிழல் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அத்தகைய ஊரிலே, கூரையற்ற வெளியில் ஆண்டுக்கணக்காக நின்ற ஒரு மோட்டார் வண்டியின் வர்ணம் என்ன கதியை அடைகிறது, அப்படி அடைந்ததை மனிதப் பிரயாசையினால் எவ்வளவு தூரம் மீட்கமுடியும் என்ற இரண்டு விஷயங்களையும் என் வாலிபப் பிராயத்தில் கையினால் தொட்டே கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

என் தாய்மாமா அக்காலத்தில் ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ் நடத்திவந்தார். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகத்துக்கு மனுப்போட்டுக்கொண்டிருந்த நான், சும்மா இருக்கிற குறை தெரியாமலிருக்க அவருடைய கணக்குகளை எழுதிக்கொண்டும், சரக்கு வண்டியோடு கிராமங்களுக்குப் போய் வந்துகொண்டும் இருந்தேன். அந்த வண்டி ஒரு மகிந்திரா பிக்கப். 1960-களின் பிற்பகுதியில் தயாரானது. மூக்கு நீண்ட ஜீப்பைப் போலன்றி, இஞ்சின் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே பெட்டிக்குள் அமர்ந்திருக்க, ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஓட்டும்படியான தட்டைமுக வண்டி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கை மாறி மாமாவிடம் வந்து சேர்ந்தது. காலையில் அட்டைகளையும் மெல்லிய மரச் சிம்புகளையும் ஏற்றிக்கொண்டு கிராமத்துப் பெண்களிடம் கொடுப்பதும், மாலையில் அவர்கள் ஒட்டிவைத்த பெட்டிகளைத் திரட்டிக்கொண்டு திரும்புவதும் அதன் நித்திய கடமை. ஆபீஸில் கூரை வேய்ந்த இடமெல்லாம் குச்சிக் கட்டுகளுக்கே போதாமலிருந்தபடியால், வண்டிக்கென்று வாய்த்தது மேற்கே பார்த்த திறந்த முற்றம்தான்.

மாமா வாங்கும்போது அந்த வண்டி பளபளக்கும் நீல நிறத்தில் இருந்ததாம். நான் பழகத் தொடங்கிய காலத்தில் அந்த நீலத்துக்கு இரண்டு வியாதிகள் கண்டிருந்தன. முதலாவது, அது பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டி உடுத்தியவர் யாராவது பேச்சுச் சுவாரசியத்தில் வண்டிமேல் சாய்ந்துவிட்டால், அவர் எங்கே நின்று பேசினார் என்பதை அன்று முழுவதும் ஊரார் அவர் முதுகைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இரண்டாவது, அது உரிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கூண்டின் உச்சியிலும், சரக்குத் தொட்டியின் பக்கப் பலகைகளிலும் வர்ணம் ஏடு ஏடாக எழும்பி, வண்டி வேகமெடுக்கும்போது காற்றில் படபடத்து, பின்னால் வருகிற சைக்கிள்காரரின் முகத்தில் போய் விழுந்தது. இந்த இரண்டும் ஒரே வெயிலால் வந்த ஒரே நோயின் இரண்டு கட்டங்கள் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். இரண்டும் வெவ்வேறு ஜாதி என்பதைப் பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

1982-ஆம் ஆண்டு தை மாதத்தில், வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியதும், வர்ணம் அடித்துவிடுவதென்று மாமா தீர்மானித்தார். டிங்கர் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, மேலே தேய்த்துவிட்டு இரண்டே நாளில் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். தொகையும் சகாயமாக இருந்தது. மாமாவுக்கு அதில் சபலம் தட்டியிருந்த சமயத்தில்தான், எங்கள் ஓட்டுநர் தமக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவரைக் கூட்டிவந்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையொன்றில் இளமையைக் கழித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தவர். மெலிந்த சரீரம், கணுக்கள் தடித்த விரல்கள், அளந்து பேசும் சுபாவம். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். அவரைவிட மாமா மூத்தவராக இருந்தும் மாமாவுக்கும் அவர் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி வண்டியைப் பரீட்சித்த விதம் இன்றும் என் மனத்தில் ஸ்திரமாக நிற்கிறது. என்ன நிறம் வேண்டுமென்று அவர் கேட்கவேயில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தினால் கூண்டின் உச்சியையும், கதவையும், தொட்டியின் பக்கங்களையும், பின்கதவின் உட்புறத்தையும் கீறிப் பார்த்தார். பிறகு பிளேடினால் வர்ணத்தில் சின்னஞ்சிறு கட்டங்களாக வெட்டி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிய்த்து, டேப்பில் எத்தனை கட்டங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்து, பஞ்சைத் தின்னரில் நனைத்து ஓரிடத்தில் வைத்துச் சற்றுப் பொறுத்தார். நீலம் கரைந்து பஞ்சில் ஏறாமல் இருந்த இடத்திலேயே சுருங்கி எழும்பிற்று. கரைந்து வந்தால் அது டக்கோ என்கிற நைட்ரோ செல்லுலோஸ் வர்ணம், சுருங்கினால் எனாமல் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கிப் பொடியைக் கழுவிவிட்டு, மறுபடி நிதானமாக ஊற்றினார். கதவின்மேல் தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கிற்று. தொட்டியின் பக்கங்களில், வர்ணம் உரிந்து அடிப்பூச்சு தெரிந்த இடங்களில் மட்டும், அது முத்து முத்தாகப் பிரிந்து விலகி ஓடிற்று.

“முதலாளி, உச்சியில இருக்கிற சீக்கு வேற, தொட்டியில இருக்கிற சீக்கு வேற. கதவுல ஒரு சீக்கும் இல்ல. மூணையும் ஒண்ணாப் பாவிச்சா மூணும் கெட்டுப்போகும்” என்றார்.

“எல்லாத்துக்கும் இந்த வெயில்தானே காரணம், அண்ணாச்சி?” என்று மாமா கேட்டார்.

“பின்கதவு உள்பக்கம் வெயிலே படல. அங்க நகத்தை வச்சுப் பாருங்க, அங்கயும் ஒட்டல. வெயில் படாததுனால இன்னும் விழாம இருக்கு, அவ்வளவுதான்” என்றார் அவர்.

அந்தப் பேச்சிலிருந்த சாஸ்திரம் எனக்கு முழுவதும் விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. வர்ணம் என்பது நிறத்தூளும் அதைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசினும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம். பூமிக்கு வந்து சேரும் சூரிய சக்தியில் புற ஊதாக் கதிர்களின் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் என்றாலும், பிசினின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கும் வல்லமை அந்தச் சிறுபங்குக்கு உண்டு. மேற்பரப்பில் பிசின் சிதையச் சிதைய, பற்றுக்கோடிழந்த நிறத்தூள் பொடியாக விடுபடுகிறது. வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, தக்கபடி பக்குவம் செய்யப்படாததாக இருந்தால், ஒளியையும் ஈரத்தையும் துணைக்கொண்டு தானே அந்தச் சிதைவைத் துரிதப்படுத்துவதும் உண்டு. எங்கள் வேட்டிகளில் ஒட்டிய நீலம் இப்படி விடுபட்ட தூள்தான். இந்தத் தேய்மானம் மேலிருந்து கீழ்நோக்கி, ஒரு நேரத்தில் ஒரு நுண்ணிய அடுக்காக நிகழ்வது. மேற்பொடியைக் கழுவித் துடைத்தால் அடியில் உயிருள்ள வர்ணம் மிச்சமிருக்கும்.

உரிவது அப்படியன்று, அது கீழிருந்து மேல்நோக்கி வருகிற கேடு. எனாமல் வர்ணத்தின் பிசின் எண்ணெயிலிருந்து பிறந்தது; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுத்தான் அது காய்ந்து இறுகுகிறது. ஆனால் காய்ந்தது போதும் என்று அது ஒருநாளும் நின்றுவிடுவதில்லை. அதே பிராணவாயு ஆண்டுதோறும் அதை மேலும் இறுக்கி, முடிவில் நெகிழ்ச்சியற்று நொறுங்கும்படி செய்துவிடுகிறது. நண்பகலில் கை வைக்கமுடியாமல் கொதித்து விரியும் இரும்புத் தகடு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, நெகிழ்ச்சி இழந்த படலம் அதனோடு ஒத்து அசையமாட்டாமல் வெடிக்கிறது. கீழடுக்கோடு நன்றாகப் பிணைந்திருந்தால் மயிரிழை வெடிப்புகளோடு பிழைத்துக்கொள்ளும். பிணைப்பு இல்லாத இடத்தில் விளிம்பு தூக்கிக்கொள்ள, உள்ளே மழைநீர் புக, துரு பிறந்து பரவி மேலே இருப்பதை நெம்பித் தள்ளுகிறது. எங்கள் வண்டியின் உச்சியில் நேர்ந்தது இதுதான் என்பதை அண்ணாச்சி உரிந்த ஏடு ஒன்றைத் திருப்பிக் காட்டி விளக்கினார். நீலத்தின் முதுகில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது. அதற்கு முன்பிருந்த பச்சை வர்ணம் வெயிலில் பொடிந்து கிடந்த நிலையில், கழுவாமலும் தேய்க்காமலும் அதன்மேல் நீலத்தை அடித்திருக்கிறார்கள். நீலம் தூளைப் பற்றிக்கொண்டது. தூளோ எதையும் பற்றியிருக்கவில்லை.

கூலியைக் கேட்டதும் மாமாவின் முகம் சுண்டிவிட்டது. பட்டறைக்காரர் சொன்னதைப் போல் அது ஏறக்குறைய இருமடங்கு. நாளோ இரண்டு வாரத்துக்குக் குறையாது. “இது பெட்டி சுமக்கிற வண்டி, அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கா போகப்போகுது?” என்று மாமா பேரம் ஆரம்பித்தார். அத்துடன், அத்தனை கொடுத்தாவது அடிப்பதென்றால் கல்யாணக் கார்களைப்போல டக்கோ பளபளப்பு வேண்டும் என்றும் ஒரு ஆசையை வெளியிட்டார். அண்ணாச்சி இரண்டுக்கும் இசையவில்லை. பழைய எனாமலின்மேல் டக்கோவை அடித்தால், அதிலுள்ள காரமான தின்னர் அடியிலிருப்பதைச் சுருக்கி எழுப்பிவிடும். தவிரவும், வெயிலில் நிற்கிற வண்டிக்கு டக்கோ ஏற்றதன்று, சீக்கிரமே வெடிப்புக் கண்டுவிடும். ஆகையால் எனாமல்தான் என்று முடித்துவிட்டார். “ரெண்டு நாள்ல அடிச்சுத் தாறேன்னு சொன்னவுக பொய் சொல்லல, முதலாளி. அடிக்கிறதுக்கு ரெண்டு நாளுதான். மிச்ச நாளெல்லாம் அடிக்காம இருக்கிற வேலைக்கு” என்று அவர் சொன்னதைக் கேட்டு மாமா சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பிலேயே பேரமும் படிந்தது. உதவிக்கு ஒரு ஆளைக் குறைத்துக்கொள்வதாகவும், அந்த ஸ்தானத்தில் நான் வேலை செய்வதாகவும் ஏற்பாடாயிற்று.

அடிக்காமல் இருக்கிற வேலை என்று அவர் சொன்னது இன்னதென்று அடுத்த நாளே தெரிந்துகொண்டேன். கூண்டின் உச்சியில் நீலத்தையும் பச்சையையும் சுரண்டி எடுப்பது பெரிய சிரமமாக இருக்கவில்லை. அவை இரண்டும் விடுதலைக்குக் காத்திருந்தவை போலப் பெயர்ந்து வந்தன. அவற்றுக்கும் கீழே, தொழிற்சாலையில் சூட்டடுப்பில் இறுக்கிய மூல வர்ணம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பதினைந்து ஆண்டு வெயிலையும் இரண்டு மேற்பூச்சுகளையும் சுமந்த பின்னும் அது பெரும்பாலும் அசையாமல் தகட்டோடு தகடாக நின்றது. அதையும் எடுத்துவிட்டு வெற்றுத் தகட்டிலிருந்து தொடங்கலாமே என்று நான் கேட்டேன். “தம்பி, பிடிச்சுக்கிட்டு இருக்கிறதை எடுக்கக்கூடாது. நாம எத்தனை கோட்டு அடிச்சாலும் அது மாதிரி பிடிக்கவைக்க நம்மகிட்ட அடுப்பு இல்ல” என்றார் அண்ணாச்சி. உரிந்துபோன இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவருடைய தொழிலின் சூட்சுமம். கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு உண்மையான எல்லை ஆகாது. அதற்கு அப்பாலும் கொஞ்ச தூரம் வர்ணம் உள்ளூர விட்டுப்போயிருக்கும். பட்டித் தகட்டின் முனையை விளிம்பில் கொடுத்து, அது உள்ளே நுழைய மறுக்கிற வரையில் தள்ளிக்கொண்டே போகவேண்டும். அது மறுக்கிற இடத்தில்தான் உப்புத்தாள் வேலை தொடங்குகிறது.

எண்பதாம் நம்பர்த் தாளில் தொடங்கி, நூற்றெண்பது, முந்நூற்றிருபது, நானூறு என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு மாறி, வெட்டுண்ட வர்ணத்தின் விளிம்பைத் தகட்டோடு கரைத்துவிடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டினால், வர்ணம் எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் தேய்க்கச் சொன்னார். உலர்வாகத் தேய்த்தால் எழும்புகிற தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று, நனைத்த துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ளவும் செய்தார். அந்தக் காலத்துப் பச்சை வர்ணங்கள் பல, ஈயம் கலந்த மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துச் செய்தவை என்பதை நான் பின்னால் படித்தபோது, எழுத்து அதிகம் கற்காத அந்த மனிதர் அனுபவத்தினால் கண்டுவைத்திருந்த ஜாக்கிரதையின் அருமை புலனாயிற்று.

கதவுகளில்தான் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அங்கே நீலத்தை எடுக்க வேண்டியதில்லை, மேற்பொடி போகத் தேய்த்தால் போதும் என்று அண்ணாச்சி எனக்கு உத்தரவிட்டிருந்தார். தேய்க்கத் தேய்க்க நீலம் மெலிந்து, ஓரிடத்தில் அடியிலிருந்த பச்சை எட்டிப்பார்த்தது. அந்தப் பச்சைக்குள்ளே இன்னும் கருமையான பச்சையில் ஒரு வளைவு தோன்றிற்று. மேலும் தேய்த்தபோது அது ‘எ’ என்ற எழுத்தாயிற்று, பிறகு ‘ண்’, கொஞ்ச நேரத்தில் ‘எண்ணெய்’ என்று முழுச் சொல்லும் புலப்பட்டது. முன்னொரு காலத்தில் அந்தக் கதவில் ஒரு வியாபார ஸ்தலத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். எழுத்துகளின் மறைவிலிருந்த பச்சை வெயில் படாமல் இளமையோடு இருந்திருக்கிறது, சுற்றிலுமிருந்தது வெளுத்திருக்கிறது. வண்டியை விற்கும்போது எழுத்துகளைச் சுரண்டிவிட்டு நீலம் அடித்தவர்கள், எழுத்தை அழிப்பதற்காகக் கதவு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். பெயரை மறைப்பதற்காகச் செய்த அந்தக் காரியமே, வண்டி முழுவதிலும் நீலம் உறுதியாகப் பிடித்துக்கொண்ட ஒரே இடமாகக் கதவுகளை ஆக்கிவிட்டது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்த்துவிட்டு நேரே தொட்டியைப் போய்ப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக விலகி ஓடியதன் காரணம் இப்போது பிரத்தியட்சமாகிவிட்டது. விருதுநகரில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்த் தகரங்களை ஏற்றி இறக்கிய காலத்தில் கசிந்த எண்ணெய் பச்சை வர்ணத்தில் ஊறியிருக்கிறது. துடைத்தாலும் போகாத அந்த மெழுக்கின்மேல் அடித்த நீலம் எப்படி ஒட்டும்? ஆகையால் தொட்டிக்கு மாத்திரம் வேறு சிகிச்சை நடந்தது. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, எல்லா அடுக்குகளும் கொப்புளித்து எழும்பியதும் தகடு தெரியும்வரை வழித்தெடுத்து, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். எங்கேயாவது தண்ணீர் பிரிந்தால் மறுபடியும் சோடா. கடைசியில் ஒரு மாலை தண்ணீர் எங்கும் உடையாமல் ஒரே கண்ணாடியாக வழிந்து இறங்கியபோது, அன்று முழுவதும் பேசாதிருந்த மனிதர், “இப்ப தகடு சம்மதிச்சிடுச்சு” என்றார்.

வெறும் தகட்டை இரவில் பனியில் விடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. ஆதலால் துருப்பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் தடவித் துருவின் மிச்சத்தை அடக்கி, கழுவித் துணியால் ஒற்றி உலர்த்தி, பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு பிரைமரைப் பூசிவிட்டோம். பட்டியை அவர் சிக்கனமாகவே பயன்படுத்தினார். தடிப்பாகப் பட்டி போட்டு மேடு பள்ளத்தை மறைப்பது சுலபம். ஆனால் தடித்த பட்டி வெயிலில் தகட்டோடு ஒத்து விரியாது என்று சொல்லி, மெல்லிய பூச்சாகப் போட்டு, காயவிட்டு, ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்து, மறுபடியும் மெல்லிய பூச்சாகப் போட்டார். தொட்டியிலிருந்த சில நெளிவுகளைச் சரிசெய்யாமலே விட்டுவிட்டார். பெட்டி சுமக்கிற வண்டிக்கு அவ்வளவு நெளிவு இருந்தால் குற்றமில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் பிறகுதான் நிறத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. மாமா நல்ல சிவப்பாக வேண்டும் என்றார். தீப்பெட்டி வியாபாரத்துக்குச் சிவப்பு ராசியாம். கடைச் சிவப்பு வெயிலில் முதலில் வெளுப்பது, இரண்டு கோடைக்குள் ரோஜா நிறமாகிவிடும் என்று அண்ணாச்சி தடுத்தார். அவர் சிபாரிசு செய்தது இரும்பின் ஆக்சைடிலிருந்து வருகிற காவி நிறம். ஏற்கெனவே ஆக்சிகரணம் அடைந்துவிட்ட பொருளை வெயில் மேலும் மாற்றுவதற்கு அதிகமில்லை. மண்ணிலிருந்து எடுத்த காவி நிறங்கள் தலைமுறை கடந்து நிற்பதன் ரகசியம் அதுதான். “கோயில் மதில் மாதிரி இருக்குமே, அண்ணாச்சி!” என்று மாமா ஆட்சேபித்தார். “கோயில் மதில்ல காவி வெளுத்துப் பார்த்திருக்கீகளா, முதலாளி?” என்று அவர் திருப்பிக் கேட்டார். கூண்டின் உச்சி மட்டும் வெள்ளை. இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேகிற ஓட்டுநருக்கு மேலிருந்தாவது கொஞ்சம் உஷ்ணம் குறையட்டும் என்பதற்காக. ஓட்டுநருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று.

வர்ணம் அடித்த நாள் மாசி மாதத்தின் தொடக்கத்தில் அமைந்தது. விடியற்காலையிலேயே தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, கண்ணாடிகளையும் விளக்குகளையும் தினத்தந்தித் தாளால் மூடி, டேப் ஒட்டி, பனி விலகிக் காற்று எழும்புவதற்கு முன்புள்ள அந்தச் சிறிய அவகாசத்துக்காகக் காத்திருந்தோம். ஈரம் மிகுந்த வேளையில் அடித்தால் பளபளப்புப் போய் மங்கிவிடும். காற்று எழுந்தாலோ, காய்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கிற எனாமல் கரிசல் புழுதியையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். கம்ப்ரசரை இயக்கியதும் அண்ணாச்சியின் நடையே மாறிற்று. கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தொலைவில், முன்னும் பின்னும் ஏறாமல் இறங்காமல் பிடித்து, விளிம்புக்கு வெளியிலேயே விசையை அழுத்தி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகே விடுத்து, ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூடும்படியாக, இடுப்பு அசையாமல் தோளும் காலும் மட்டும் அசைய அவர் நகர்ந்தார். வெயில் முற்றத்தில் இறங்குவதற்குள் முதல் கோட்டு முடிந்துவிட்டது. இரண்டாவது கோட்டு மறுநாள். மொத்தத்தில் அடித்தது இரண்டே நாள். அவர் சொன்ன கணக்கு பிசகவில்லை.

வேலையெல்லாம் முடிந்து வண்டி வெளியே வந்தபோது, அடியில் செய்த வேலைகளில் ஒன்றாவது வெளியே தெரிந்ததா என்றால், இல்லை. பக்கத்து ஆபீஸ்காரர் வந்து பார்த்து, நிறம் கொஞ்சம் மங்கல், இதற்கா இத்தனை நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்குச் சற்று மனக்குறைதான். ஆனால் செலவழித்த பணத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதை, முற்றத்தின் மேற்கு ஓரத்தில் வண்டிக்காக ஒரு கிடுகுப் பந்தல் போடவைத்தது; வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரில் கழுவுவதும், கோடைக்கு முன்னும் பின்னும் மெழுகு தடவித் துடைப்பதும் ஓட்டுநரின் கடமைகளோடு சேர்ந்தன. பறவை எச்சம் விழுந்தால் உடனே கழுவவேண்டும், வெயிலில் காயவிட்டால் அது வர்ணத்தைத் தின்றுவிடும் என்பதும் அண்ணாச்சி விட்டுச்சென்ற கட்டளைகளில் ஒன்று.

இன்றைய வண்டிகளின் வர்ணம் வேறு விதம். மின்சாரத்தால் படியவைக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று பல அடுக்குகள். அத்தனையும் சேர்ந்தும் தடிப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். கிளியர் கோட்டிலே புற ஊதாக் கதிர்களை விழுங்குகிற ரசாயனங்களைக் கலந்திருக்கிறார்கள். அவை ஆண்டாண்டாகச் செலவழிந்து தீர்ந்தபின், ஒளி உள்ளே இறங்கி அடுக்குகளின் சந்தியைத் தாக்குகிறது. வர்ணங்களின் ஆயுளைச் சோதிப்பதற்காக, ஈரமும் வெயிலும் கூடிய தெற்கு புளோரிடாவிலும், வறண்ட வெயில் காயும் அரிசோனாவிலும் தகடுகளை ஆண்டுக்கணக்கில் திறந்த வெளியில் நிறுத்திவைத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவு சாதனங்கள் இருந்தும், 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இடைப்பூச்சைத் தவிர்த்துவிட்டு நிறத்தை நேரே அடிப்பூச்சின்மேல் அடித்த பல வாகனங்களில், நிறத்தை ஊடுருவிய ஒளி அடிப்பூச்சின் மேற்பரப்பைச் சிதைத்து, வர்ணம் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. மேல்வர்ணத்தில் ஒரு பழுதும் இருக்கவில்லை. கீழே ஒரு படியைத் தாண்டியதுதான் பழுது. இப்படி எழும்பிய கிளியர் கோட்டை எந்தப் பாலிஷும் திரும்ப ஒட்டவைக்காது. அண்ணாச்சியைப்போல உறுதியான விளிம்பு வரையில் தேய்த்துக்கொண்டு போய் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

மாமா அந்த வண்டியைப் பத்தாண்டுகளுக்குப் பின் விற்றபோது நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூண்டின் உச்சியைத் தோளிலிருந்த துண்டால் துடைத்தார்; வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. வர்ணம் போய்விட்டது என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். மாமா வாக்குவாதம் செய்யாமல், நகத்தால் எங்கே வேண்டுமானாலும் கீறிப் பார்க்கும்படி சொன்னார். அவர் உச்சியில், தொட்டியின் பக்கங்களில், பின்கதவின் உட்புறத்தில் எல்லாம் கீறிப் பார்த்தும் ஓரிடத்திலும் ஏடு எழும்பவில்லை. காவி மங்கியிருந்தது, ஆனால் சமமாக மங்கியிருந்தது.

வெயிலில் நிற்கிற பொருள் எதுவாயினும் அதன் மேற்பரப்பு குறையத்தான் செய்யும். அதைத் தடுப்பதாகச் சொல்கிறவரை நம்பவேண்டாம். அந்தக் குறைவு மேலிருந்து தேய்வாக வரப்போகிறதா, கீழிருந்து உரிவாக வரப்போகிறதா என்பதுமட்டும் மனிதக் கையில் இருக்கிறது. அதைத் தீர்மானிக்கிற நாளோ வர்ணம் அடிக்கிற நாளுக்கு வெகு முன்னால், வேலை நடக்கிறதாகவே யாருக்கும் தோன்றாத ஒரு நாளில் வந்து போய்விடுகிறது. தேய்ந்த வர்ணத்தின்மேல் இன்னொரு வர்ணம் தாராளமாக நிற்கும். உரிகிற வர்ணத்தின்மேல் எத்தனை விலையுயர்ந்ததை அடித்தாலும் அது அந்த ஏட்டோடு சேர்ந்து பறந்துபோகும். ஆகையால் பழைய வண்டிக்கு வர்ணம் அடிக்க எண்ணுகிறவர்கள் வர்ண அட்டையை விரிப்பதற்கு முன்னால், கட்டைவிரல் நகம் ஒன்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டு ஒரு காலைப் பொழுதை வண்டியைச் சுற்றிச் செலவழிப்பது உத்தமம். கூலி பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.